எங்கள் வீட்டுப் புலிக்குக் கண் வைத்த அக்கா

புஷ்பா அக்கா போய்விட்டார்...

முந்தாநாள், தூக்கத்திலேயே. இன்று மண்டாய் தகனச்சாலைக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர் தேக்கா சென்டர் மாடியில், டெய்லர் கடைகளுக்கு நடுவில் அக்காவின் எம்பிராய்டரி கடை. பிளவுஸ் என்று போனால் பக்கத்துக் கடையைக் காட்டிவிடுவார். அவருக்கு குஷன், கர்ட்டன், சுவரில் மாட்டும் பெரிய பேனல்... இவைதான் வேலை. வெல்வெட்டில் சிறுத்தை, இறால், டுரியான், வால் முழுக்க ஜரிகை போட்ட மயில்.

காலி இடத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

காத்தோங்கில் ஒரு கஸ்டமர். வீடு முழுக்க பெய்ஜ் கலர். "குஷன் ஓரத்துல ஒரே ஒரு கிளி போதும் அக்கா, சிம்பிளா" என்று கேட்டிருக்கிறார். அக்கா கொண்டுபோய்க் கொடுத்ததில் கிளி இருந்தது, கிளியின் சொந்தபந்தம் இருந்தது, அவர்கள் உட்கார மரமும் தின்னப் பழமும் இருந்தன.

அந்தம்மா குஷனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "இதைத்தான் மேக்ஸிமலிஸம்னு சொல்றாங்களா?" என்றாராம்.

"இந்த மூலையில இன்னும் இடம் இருக்கேம்மா. அதுக்குள்ள என்ன மேக்ஸிமம்?"

அடுத்து கர்ட்டனுக்கும் ஆர்டர் வந்தது, அது வேறு கதை.

அக்காவுக்கு ஒரு பழக்கம். மிருகமோ பறவையோ, கண்ணை மட்டும் கடையில் தைக்க மாட்டார். வீட்டுக்கு வந்து, பேனலை மாட்டி, எல்லோரையும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரச் சொல்வார். பார்த்து சாக்பீஸால் குறித்துக்கொண்டு, கழற்றித் தைத்து, மறுபடி மாட்டுவார்.

"யாரைப் பாக்கணும்னு வீட்டுக்கு வந்தாத்தான்மா தெரியும்."

பூன் லேயில் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார். ரோஸ் வெல்வெட்டில் புலி, சுற்றிலும் குஞ்சம். பால் இல்லாத தே ஓ டீயைக் குடித்துக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாட்டி முடித்ததும் பார்த்தால், புலி என் வீட்டுக்காரர் உட்காரும் சோபா மூலையையே முறைத்துக்கொண்டிருக்கிறது.

"ஏன்க்கா, என்னை மட்டும் முறைக்குது?"

"புலி லா தம்பி. அது அப்படித்தான் பாக்கும்."

அன்றோடு மனிதர் டைனிங் டேபிளுக்குக் குடிபெயர்ந்தார். ஃபுட்பால் மேட்சைக்கூட அங்கிருந்தே கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். கழுத்துவலி வந்தது, சோபாவுக்கு வரவில்லை. கேட்டால், "அங்க ஃபேன் காத்து வரல" என்பார்.

போன மாதம் டைனிங் டேபிள் பக்கத்துச் சுவருக்கு ஒரு ஹார்ன்பில் பறவை ஆர்டர் கொடுத்தேன். இவர் பதறிப்போய் அக்காவுக்கு போன் போட்டார். "அக்கா, இதாவது ஜன்னலைப் பாக்கட்டும்."

"வந்து பாத்துட்டுச் சொல்றேன் தம்பி."

வருகிற சனிக்கிழமை வருவதாக இருந்தார்... பேனலை முன்னாடியே அனுப்பிவிட்டார். கண் இல்லாமல் சுவரில் தொங்குகிறது.

"வேற யாரையாவது விட்டு முடிச்சுத் தரவா?" என்று மண்டாயில் அக்காவின் மகள் கேட்டாள். அந்த நேரத்தில் இதைக் கேட்கிறாளே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து குளித்தோம். இவர் டைனிங் டேபிளைத் தாண்டிப் போய், அந்தப் பழைய சோபா மூலையில் உட்கார்ந்தார்.

"அங்க உக்காந்தா புலி பாக்குமே?"

"பாக்கட்டும் லா."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "புலி வர்றதுக்கு முன்னாடி, சுகர் மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல தேக்கால நின்னு ஜிலேபி சாப்பிட்டேன். அக்கா மாடியிலேர்ந்து பாத்துட்டாங்க. உன்கிட்ட சொல்லவே இல்லல்ல?"

சொல்லவில்லை. புலியிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்.

போய் வாங்க அக்கா... ஹார்ன்பில் கண் இல்லாமலே இருக்கட்டும். எங்களைப் பார்த்துக்கொள்ள அந்தப் புலி ஒன்று போதும்.

போதும் என்றால் உங்களுக்குப் பிடிக்காது, தெரியும்.