நூல் கட்டிய செவ்வரத்தை

பிள்ளைகளே, நம் வேலியோரத்து மஞ்சள் செவ்வரத்தை எப்படிச் சாமியானது என்று கேட்டீர்கள். ஆக்கியவன் நான்தான். ஆனால் அந்த எண்ணம் எனக்குத் துளியும் இருக்கவில்லை.

சிவப்புப் பூவின் மகரந்தத்தை எடுத்து மஞ்சள் பூவின் நடுத்தண்டு நுனியில் தடவினால், அந்த விதையில் ஊரில் எவரிடமும் இல்லாத நிறம் பூக்கலாம் என்று தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு அது போதும். மறுநாளே விஞ்ஞானியாகிவிட்டேன்.

விடியப் பூ விரிந்ததும் தடவுவேன். பின்னாலேயே உங்கள் அம்மா வந்து சாமிப்படத்துக்கு அதையே பறிப்பாள். ஆகவே தடவிய பூக்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டி, நூல் உள்ளதைத் தொடாதே என்றேன். இதைப் பார்த்த உங்கள் மாமா, அதுதான் அம்மாவின் தம்பி, வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"அத்தான், பூவுக்குத் தாலி கட்டுறீங்களோ? சாப்பாடு எப்ப?"

தாலி கட்டியதெல்லாம் உதிர்ந்து, ஒரேயொரு காய் மிஞ்சியது. அது பழுப்பாகி வெடிக்கும்வரை செடியிலேயே நிற்கவேண்டும். சாப்பிடும்போதும் என் கண் அந்தக் காயில்தான்.

பக்கத்து வீட்டு மாமி நூலைக் கண்டாள். நேர்த்திக்கடன் என்று நினைத்து, மகனின் கட்டார் விசாவுக்குத் தானும் ஒரு நூல் கட்டினாள். அந்தக் கிழமையே விசா வந்தது. ஓடித் திரிந்தவன் ஏஜென்சிக்காரன், புகழ் என் செடிக்கு. பிறகென்ன, ஊரே நூற்கட்டையோடு வந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். வேருக்கு ஒரு வாளி வெறுந்தண்ணீர் ஊற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மாமி, அது காய் பிடிக்கிறதுக்கு நான் கட்டின அடையாளம்."

"ஓம் தம்பி, பிள்ளை இல்லாததுகளுக்கும் சொல்லியிருக்கிறன்."

ஒரு மத்தியானம் செடியருகே உங்கள் மாமா குனிந்து நின்றான். அவனுடைய இறால் குளத்தில் நோய் பரவியிருந்தது. கையில் மஞ்சள் நூல்.

"என்ன செய்றாய்?"

"சும்மா, அத்தான். ஒண்டு அவிண்டு கிடந்திச்சு, இறுக்கிவிட்டன்."

"சட்டைப் பைக்குள்ள என்ன?"

அவன் பைக்குள்ளிருந்து ஒரு காயை எடுத்தான். "நூல் கட்டேக்க கையோட வந்திட்டுது. அம்மன் தந்ததெண்டு நினைச்சன்."

என் காய்தான். பாதி பழுப்பு, பாதி பச்சை. பிளந்து பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைப் பிஞ்சு விதைகள், முற்றியவை கொஞ்சம். அவற்றை விதைத்ததில் இரண்டு முளைத்திருக்கின்றன. குளத்தில் இறால் மிஞ்சியதா என்று நான் கேட்கவில்லை. தாலியைப் பற்றி அவனும் கதைப்பதில்லை.

குசினிக்குப் பின்னால் நிற்கும் அந்த இரண்டும் பூக்கும்வரை உங்கள் வாயை அடக்குங்கள். யார் கேட்டாலும் வெண்டிக்கன்று என்று சொல்லுங்கள். வெண்டிக்கு இந்த ஊரில் இன்னும் எவரும் நூல் கட்டவில்லை.