மூன்றடி பத்தங்குலத்துக்கு ஒரு நாற்காலி: ஆலங்குடிக்கு இரண்டு பயணங்கள்

என் உயரம் மூன்றடி பத்தங்குலம். வயது முப்பத்தாறு. திருச்சியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினோரு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். எந்த ஊர் பஸ்ஸில் படி தாழ்வு, எந்த லாட்ஜில் தாழ்ப்பாள் கைக்கு எட்டும் என்றுதான் பெரும்பாலும் இங்கே எழுதுவேன். இந்த முறை கோயிலோ அருவியோ இல்லை. ஒரு நாற்காலிக்காக ஜூனிலும் ஜூலையிலும் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் இரண்டு தடவை போய் வந்தேன்.

காரணம் முதுகுவலி. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தால் என் கால் தரையில் படாது. பழைய கேஸ் கட்டுகள் இரண்டை அடுக்கி அதன்மேல் வைத்துக்கொள்வேன். அந்தக் கட்டு தேவைப்படும்போது யாராவது வந்து உருவிக்கொண்டு போவார்கள். முதுகைச் சாய்க்கலாம் என்று பின்னால் நகர்ந்தால் கால் இரண்டும் நீட்டிக்கொண்டு இருக்கைமேலேயே கிடக்கும். அதனால் பதினோரு வருடமும் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன வருடக் கடைசியில் இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், கால் ஊன்றி, முதுகு சாய்ந்து உட்கார வழி செய்துகொள்ளாவிட்டால் இந்த வேலையை விட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். எனக்கு இந்த வேலை பிடிக்கும். வேறு வேலை கிடைப்பதும் சுலபமில்லை.

கடை கடையாக ஏறி இறங்கினேன். என் அளவில் இருந்தவை எல்லாம் பொம்மை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். அப்போதுதான் ஒரு நில வழக்குக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்து போகும் ஆலங்குடி ஆசிரியை ஒருவர், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசை, நாற்காலி எல்லாம் செய்து கொடுத்த தச்சரின் போன் நம்பரைத் தந்தார். அவர் பெயர் அடைக்கலம். பலா மரத்தில் வேலை செய்பவர். போன் செய்தேன். உயரத்தைக் கேட்டார், சொன்னேன். "போதும்மா, மூணு வாரத்துல வந்து எடுத்துக்கங்க" என்றார். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. அது என் தப்பு.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை காலை 7.10க்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். புதுக்கோட்டைக்கு 45 ரூபாய். 8.35க்கு இறக்கிவிட்டார்கள். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு 9.05க்கு ஆலங்குடி டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, படியும் திருச்சி பஸ்ஸைவிட ஒரு சாண் தாழ்வு. இருபது கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆலங்குடியிலிருந்து வடகாடு ரோட்டில் நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ, நூறு ரூபாய். பலாப்பழக் காலம். வழியெல்லாம் ரோட்டோரத்தில் பழங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். ஆட்டோக்காரருக்கு அடைக்கலத்தின் பட்டறை தெரிந்திருந்தது. தன் கல்யாணக் கட்டில் அங்கே செய்ததுதான் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

பட்டறை என்பது வீட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் பலாப்பழ வாசனை போய் மர வாசனை வந்தது. கஜா புயலில் சாய்ந்த பலா மரங்களை வாங்கி அறுத்து, இடையில் குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கியிருந்தார். இத்தனை வருடம் காய்ந்ததால் இனி வெடிக்காது, வளையாது என்றார். புதிதாக இழைத்த பலகை மஞ்சள் கிழங்கை நறுக்கினாற்போல் இருந்தது. நாள் ஆக ஆகத் தேன் நிறத்துக்கு வந்துவிடுமாம். அடைக்கலத்துக்கு ஐம்பது வயது இருக்கலாம். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். மனைவி ஸ்டெல்லா நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுகிறார். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இருந்தது, ஆனால் அதை நீட்டவில்லை. "வாங்க, வெயில்ல நிக்காம இங்கிட்டு வாங்க" என்று ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டார்.

நாற்காலி மேல் போர்த்தியிருந்த துணியை அடைக்கலம் எடுத்தார். இத்தனை அழகான நாற்காலியை நான் பார்த்ததில்லை. கால்கள் நான்கும் கடைசல் பிடித்தவை. முதுகுப் பலகையில் எதிரெதிரே இரண்டு கிளிகள், இறகு இறகாகச் செதுக்கியிருந்தார். ஓர் ஆணிகூட இல்லை. உட்கார்ந்தேன். கால் தரையில் பதிந்தது. ஆனால் முதுகுப் பலகை என் முதுகின் பாதியிலேயே முடிந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்குக் கை கால்தான் குட்டை. உடம்பு மற்றவர்களுக்கு இருக்கிற அளவேதான். இருக்கையோ பதினோரு அங்குல உயரம். அதில் உட்கார்ந்தால் அலுவலக மேசை என் கழுத்து வரை வந்து நிற்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அளவெடுத்த நாற்காலி அது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வாழ்க்கையில் அப்படி நிறையப் பொருளை வாங்கியிருக்கிறேன். குழந்தைகள் செருப்பு, குழந்தைகள் குடை, முயல் படம் போட்ட கடிகாரம். அன்று ஏனோ முடியவில்லை.

"அண்ணே, இது ரொம்ப அழகா இருக்கு. ஆனா கொழந்த நாற்காலி. நான் இதுல ஒக்காந்து வேல பாக்க முடியாது" என்றேன்.

அடைக்கலம் கையிலிருந்த துணியை மடித்து ஓரமாக வைத்தார். வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். கிளிகளுக்கு மட்டும் ஆறு நாள் ஆனதாக ஸ்டெல்லா அக்கா மெதுவாகச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் அடைக்கலம் ஒரு பழைய ஸ்டூல், கொஞ்சம் செங்கல், துண்டுப் பலகைகளோடு திரும்பி வந்தார்.

"ஒசரத்தக் கேட்டேன், ஆளக் கேக்கல. தப்பு என்னோடது" என்றார். "ஒங்க ஆபீஸ் மேசை எம்புட்டு ஒசரம்?"

எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் இருந்த தோழிக்குப் போன் செய்தேன். அவள் ஸ்கேலை வைத்து அளந்து முப்பது அங்குலம் என்றாள். அடைக்கலம் தன் வேலை மேசைமேல் பலகைகளை அடுக்கிச் சரியாக அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்டூலை அதன் முன் போட்டு என்னை ஏறி உட்காரச் சொன்னார். ஒரு மரத்துண்டை என் முன் வைத்து, அதுதான் கம்ப்யூட்டர், டைப் அடிங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே பார்த்தபடியே ஸ்டூலுக்கு அடியில் பலகைகளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். இருபது அங்குலத்தில் என் தோள் தானாகத் தளர்ந்தது. நான் சொல்வதற்கு முன்பே அவர் பென்சிலால் குறித்துவிட்டார்.

பிறகு காலுக்குச் செங்கல். எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. மூன்று உயரத்தில் மூன்று அடுக்குச் செங்கலை வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து அக்காவோடு பேசிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு வேறு ஒரு கட்டிலை இழைக்கப் போய்விட்டார். நானும் ஸ்டெல்லா அக்காவும் ஒரு மணி நேரம் பேசியிருப்போம். அவர் பிரம்பு பின்னிக்கொண்டே திருச்சிச் சந்தை விலையெல்லாம் கேட்டார். நடுவில் அங்கேயே பலாச்சுளையும் சாப்பிட்டேன். அடைக்கலம் அவ்வப்போது இழைப்புளியை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார். கடைசியில் வந்து, "மொதல்ல ஒசந்த கல்லுல வச்சீங்க. அர மணி கழிச்சு நடுவுல எறக்கிட்டீங்க. சாப்புடும்போது மறுபடி மேல போச்சு. ஒங்களுக்கு ஒரே எடம் பத்தாது" என்றார். எனக்கே தெரியாத விஷயம்.

முதுகுக்கு ஒரு பலகையை அவரே பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றார். சாயச் சொன்னார். சாய்ந்தேன். கால் ஊன்றியிருந்தது, முதுகு முழுதும் பலகையில் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எனக்கு நடந்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பலகையை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றார் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோதும் அவர் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, அந்தக் கிளி நாற்காலிக்கும் காசு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "அது ஒங்களப் பாக்காம செஞ்சது. வேணாம்மா" என்று மறுத்துவிட்டார். மாலை 3.40க்கு ஆலங்குடியில் பஸ் ஏறி, 6.30க்கெல்லாம் வீட்டில் இருந்தேன்.

ஆறு வாரம் கழித்து ஜூலைக் கடைசியில் மறுபடி போனேன். அதே பஸ், அதே நேரம். ஆடிக் காற்றில் வழியெல்லாம் தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின. கொட்டகையில் ஸ்டெல்லா அக்கா கிளி நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். தரையோடு குனிந்து செய்கிற வேலைக்கு அந்த உயரம் சரியாக இருக்கிறதாம். பக்கத்தில் என் நாற்காலி நின்றது.

பார்வைக்கு எளிமையானது. செதுக்கல் எதுவும் இல்லை. இருக்கை இருபது அங்குல உயரம், ஆழம் பதினோரு அங்குலம்தான். அதனால் கடைசி வரை தள்ளி உட்கார்ந்தாலும் முழங்கால் மடங்கும். முதுகுப் பக்கம் என் தோள்பட்டை வரைக்கும் பிரம்புப் பின்னல். முன்னங்கால்களின் உள்பக்கம் மூன்று வரிசைப் பள்ளங்கள், அவற்றில் கால்பலகை. குனிந்து இழுத்து நானே வேறு பள்ளத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதற்குக் கீழே, தரையிலிருந்து ஐந்து அங்குலத்தில், ஏறுவதற்கு ஒரு படி. கைப்பிடிகளின் முனையில் மட்டும் எலுமிச்சம்பழ அளவில் இரண்டு குமிழ்களைக் கடைந்திருந்தார். ஏறும்போது என் கை அவற்றை முழுசாகப் பிடித்தது. அவ்வளவு வழவழப்பு. ஏன் இங்கே மட்டும் என்று கேட்டேன்.

"கை படுற எடம்ல" என்றார்.

நான் உட்கார்ந்ததும் அவர் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு திடீரென்று மண்டி போட்டுக் கால்பலகையைக் கழற்றி, அதன் முன்விளிம்பை இழைப்புளியால் நான்கு இழுப்பு இழுத்து மாட்டினார். குதிகால் அழுந்துவதை நான் உணரவே இல்லை. மாட்டிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

விலை 6,500 ரூபாய். பலா மரம், பிரம்பு, இரண்டு பேர் உழைப்பு எல்லாம் சேர்த்து. எனக்குக் குறைவாகத் தோன்றியது. கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்கள். நான்கு ஆப்புகளைக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் தட்டினால் நாற்காலி மூன்று பாகமாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரித்து, சாக்கில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றினார்கள். புதுக்கோட்டையில் திருச்சி பஸ் நடத்துனர் அதைக் கடைசி இருக்கைக்குப் பின்னால் வைத்து 40 ரூபாய் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். "கொழந்தைக்கு நாற்காலியாம்மா?" என்று கேட்டார். எனக்குத்தான், ஆபீஸுக்கு என்றேன். அப்படியா என்று தலையாட்டிவிட்டு, மழை பெய்தால் பின்கண்ணாடி ஒழுகும் என்று சாக்கை இன்னும் உள்ளே தள்ளி வைத்தார்.

என்னைப் போல் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். போனில் அளவு சொல்லாதீர்கள், எந்தத் தச்சராக இருந்தாலும். நேரில் போய் குறைந்தது இரண்டு மணி நேரம் உட்காருங்கள். நீங்கள் வேலை செய்யும் மேசையின் உயரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். சரியில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லுங்கள். புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் கழிப்பறை வாசலில் படி உயரம், ஆலங்குடியில் பரவாயில்லை. ஆலங்குடியில் மதியம் ஒன்று முதல் இரண்டரை வரை ஆட்டோ கிடைப்பது கஷ்டம். அடைக்கலம் அண்ணன் நம்பரைப் பொதுவில் போட வேண்டாம் என்றார். மாதம் இரண்டு நாற்காலிக்கு மேல் அவரால் முடியாது. தேவைப்படுபவர்கள் எனக்கு எழுதுங்கள், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

இடது கால் மரத்துப்போவது குறைந்திருக்கிறது. முழுதாக நிற்கவில்லை. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், நடக்கிறேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. நாற்காலி வந்த முதல் திங்கட்கிழமை, மணப்பாறையிலிருந்து ஒரு பெரியவர் மனு எழுத வந்தார். எதிரே உட்கார்ந்தார். பதினோரு வருடமாக எனக்கு எதிரே உட்காருபவர்கள் என் தலைக்கு மேலே, பின்னால் இருக்கும் குமாஸ்தாவைப் பார்த்துத்தான் பேசுவார்கள். நான் அவர்கள் பேசுவதைக் கேட்டு அடிப்பேன். அன்று என் முகமும் அவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எம் பேர எழுதிக்கங்கம்மா" என்று ஆரம்பித்து, தன் வழக்கை முழுதும் என்னிடமே சொன்னார்.