இறகு வைக்காத ஓவியங்கள்

தைவானில், தைபேயை ஒட்டிய ஷிஜியில், பள்ளி இறுதியாண்டு ஓவியத் தொகுப்புக்கு லிசின் எடுத்துக்கொண்ட பொருள், அவளுடைய அமிஸ் பழங்குடி மக்களின் வாழ்க்கை மாறிவந்த கதை. முதல் படத்தில் பெரியப்பா சுரங்கத்திலிருந்து கரிமுகத்தோடு வெளியே வருகிறார். அடுத்ததில் மாமா ஆழ்கடல் படகில் வலை இழுக்கிறார். அம்மா டோங்கி உயரமான கட்டடத்தில் சென்ட்ரிங் பலகை அடிக்கிறாள். அக்கா நர்ஸ் உடையில் பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.

ஓவிய ஆசிரியர் சூ உதட்டைப் பிதுக்கினார்.

“இதுல அமிஸ் எங்கம்மா இருக்கு? சிவப்புப் பாவாடை, தலையில இறகு, அறுவடை ஆட்டம், ஒண்ணையும் காணோமே! சேர்த்துடு. இல்லேன்னா மார்க் போயிடும்.”

“இவங்க எல்லாருமே அமிஸ்தான் சார். வேலைக்கு யாரு சார் இறகு வச்சிட்டுப் போறாங்க?”

வீட்டில் டோங்கி தன் படத்தைப் பார்த்தாள்.

“ஏண்டி, நான் என்ன இவ்ளோ குண்டாவா இருக்கேன்?” என்று சிரித்தவள், பிறகு தயங்கினாள். “மார்க்குக்காக ஒரு இறகைத்தான் போட்டு விடேன்.”

“உன் ஹெல்மெட்ல நான் இறகு வரைய மாட்டேம்மா.”

மார்க் குறைந்தது. பள்ளிக் கண்காட்சியில் அவள் படங்களுக்குக் கழிப்பறைப் பக்கத்துச் சுவர்தான் கிடைத்தது. லிசினுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் ஒரு கோட்டைக்கூட அவள் மாற்றவில்லை.

கண்காட்சி அன்று மாலையில் டோங்கி சேறு படிந்த பூட்ஸோடு, உடன் வேலை செய்பவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கூடமே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டாள்.

“இது நான்தான் சார். கிட்ட வந்து பாருங்க!”

சூ வந்து பார்த்தார்.

“என்னை எப்ப வரையப் போறே?” என்று கம்பி கட்டும் ஒருவர் லிசினிடம் கேட்டார்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, புதுத் தாளை விரித்தாள்.