ரயில் வரும்வரை பேசாத வீடு

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் சிங்க்கில் எப்போதும் ஒரு பழைய துண்டு விரித்துக் கிடக்கும். தட்டோ கரண்டியோ, எதைப் போட்டாலும் சத்தம் வரக்கூடாது என்று அம்மா செய்த ஏற்பாடு அது. தொண்ணூறுகளின் நடுவில், பிரிக்ஃபீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவைத் தெரிந்த யாரும் அந்தத் துண்டை நம்பமாட்டார்கள். மாதா கோயிலில் அவள் ஜெபமாலை சொன்னால் ரோட்டில் போகிறவனுக்கும் புண்ணியம் கிடைக்கும். வாசலுக்கு வரும் மீன்காரரிடம் அடுக்களையில் நின்றபடியே விலை பேசி முடித்துவிடுவாள். அப்படிப்பட்ட தொண்டையை அவள் அடக்கிக்கொண்டது அண்ணனுக்காக.

அண்ணன் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் கிளார்க்காக இருந்தான். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது சுபாங் ஜெயா பக்கத்தில் லோரி ஒன்று இடித்துத் தள்ளியது. கழுத்து எலும்பு முறிந்து, அதற்குக் கீழே ஒரு விரல்கூட அசையாமல் போனது. மிஞ்சியது தலையும் குரலும். சோறு ஊட்டுவது, துடைத்துவிடுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப்போடுவது எல்லாம் அம்மாதான். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவுக்கு ஒரே கவலை. "நான் கண்ண மூடிட்டா இவன் கதி என்ன? நீயும் கல்யாணம் பண்ணிப் போயிடுவ. அவன் கையில நாலு காசு வந்தாத்தானே, சம்பளத்துக்காவது ஒருத்தர் வந்து பார்ப்பாங்க?" என்பாள். அண்ணனுக்குக் கேட்கும்படியேதான் சொல்வாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கோயில் சபையார் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். தலையில் மாட்டிக்கொள்ளும் மைக்கில் பேசினால் அது தானே டைப் அடிக்கும். அதைப் பொருத்திக் கொடுக்க வந்த சீன இளைஞர் அம்மாவிடம் விரலை ஆட்டி, "ஆன்டி, நோ நாய்ஸ் ஆ!" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அவர் சொன்னது வாஸ்தவம்தான். அந்தக் காலத்து மெஷினுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அதையும் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். அண்ணன் வாரக்கணக்கில் அதற்குப் படித்துக் காட்டித் தன் குரலைப் பழக்கினான். நடுவில் யாராவது இருமினால் அதையும் ஒரு வார்த்தை என்று நினைத்து எழுதிவிடும். பிறகு அதை அழித்து, திருத்தி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். "மருமக வந்துட்டா. இனிமே இந்த வீட்ல மாமியார் வாயத் தொறக்க முடியாது," என்று அம்மா சிரித்தாள். எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க, கோயில் மணிகூட அடிக்காத பெரிய வெள்ளிக்கிழமையானது.

ஆனால் ரயிலை யார் அடக்குவது? ரயில் வரும் ஓசை கேட்டதும் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லி மெஷினைத் தூங்கப் போடுவான். அந்த இடைவெளிதான் அம்மாவின் ராஜ்ஜியம். தேங்காய் உடைப்பது, மிளகாய் இடிப்பது, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவது எல்லாவற்றையும் ரயிலுக்கென்று எடுத்து வைத்திருப்பாள். இருமலைக்கூட அடக்கி வைத்திருந்து அப்போது இருமித் தீர்ப்பாள். என்னைத் திட்டவேண்டியதும் ரயிலோடுதான் வரும். கடைசிப் பெட்டி கடந்ததும் பாதி வசவில் நிறுத்திவிட்டு, மீதியைக் கண்ணால் திட்டுவாள். நானும் அண்ணனும் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போவோம்.

ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி அண்ணனைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. கையால் எழுதிய விபத்து அறிக்கைகளைப் பிழையில்லாமல் டைப் அடித்து டிஸ்க்கில் கொடுக்க வேண்டும். பிடித்திருந்தால் மாதாமாதம் வேலை. அன்று காலை அம்மா தாள்களை அவன் முகத்துக்கு நேரே பலகையில் குத்தி வைத்தாள். மைக்கை மாட்டினாள். நெற்றியில் சிலுவை போட்டாள். மஸ்ஜித் இந்தியா சாலைத் துணிக்கடை வேலைக்குக் கிளம்பிய என்னிடம் வாசலில் வந்து, "மாதா இன்னிக்கு ஒரு நாள் இவன் கூட இருந்தா போதும்," என்று கிசுகிசுத்தாள்.

மதியம் டிஸ்க்கை வாங்கிப்போக வந்த ஆபீஸ் ஆள் கேட்டில் நின்று கூப்பிட்டிருக்கிறார். அண்ணனும் உள்ளேயிருந்து, "அம்மா, ஆள் வந்துட்டாங்க," என்று கத்தியிருக்கிறான். பதிலில்லை. அந்த ஆபீஸ் ஆள் பின்வாசல் வழியாக நுழைந்தபோது அம்மா சமையலறைத் தரையில் கிடந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர். உடம்பு சில்லிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்திருந்தாள். பல் இறுகிப்போயிருந்ததால் அதை எடுக்கவே சிரமப்பட்டார்கள்.

நான் வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஜனம். ஆபீஸ் ஆள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்ததும், "பாப்பா, டிஸ்க்க எடுத்து அவர்கிட்ட குடு," என்றான். சித்திக்குப் பொறுக்கவில்லை. "பெத்தவ பொணமாக் கெடக்கறா, ஒனக்கு டிஸ்க்கா?" என்று அழுதபடியே கேட்டாள். அண்ணனுக்குக் கண்ணைத் துடைக்கவும் கை கிடையாது. "அதுக்குத்தானே சித்தி, அம்மா வாயப் பொத்திக்கிட்டு செத்தாங்க," என்றான். நான் எடுத்துக் கொடுத்தேன்.

வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்காவை வைத்தோம். அம்மா கேட்டது அப்படியே நடந்தது. எனக்கோ அம்மாவின் மேல் தீராத கோபம். ஒரு தட்டைத் தள்ளிவிட்டிருந்தால்கூடப் போதுமே! பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்திருப்பாளே! திவசப் பூசை முடிந்து வந்த ஒரு நாள் இதை அண்ணனிடமே சொல்லி அழுதேன். அவன், "சத்தம் போட்டிருப்பாங்க பாப்பா," என்றான். "மூணாவது தாள் அடிக்கறப்ப ரயில் போச்சு. நான் மெஷினத் தூங்கப் போட்டுட்டு, அந்தத் தாளுல அடுத்த வரி என்னன்னு படிச்சிக்கிட்டிருந்தேன். அம்மா வேற எப்ப கத்துவாங்க?"

இப்போது கிள்ளானில் என் வீட்டில்தான் அண்ணன் இருக்கிறான். இங்கே பக்கத்தில் தண்டவாளம் இல்லை. படுக்கையருகில் இருக்கும் கைப்பேசி தமிழும் புரிந்துகொள்கிறது. டிவி அலறினாலும் பிள்ளைகள் சண்டை போட்டாலும் அதற்குக் குழப்பமில்லை. நான் சமையலறையில் இருந்தால் அண்ணன் அடிக்கொரு தடவை, "பாப்பா, இருக்கியா?" என்பான். "இருக்கேண்ணே," என்று நான் கத்த வேண்டும். மிக்ஸி சத்தத்தில் என் பதில் கேட்காவிட்டால் அவன் இரண்டாம் தடவை கூப்பிடுவதில்லை. என் நம்பருக்கு அழைக்கச் சொல்லிக் கைப்பேசிக்குக் கட்டளை போடுகிறான். பக்கத்து அறையிலிருந்து வரும் அந்த அழைப்பை, கையில் மீன் கழுவிய ஈரம் இருந்தாலும், முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.