பல்லுல கடிச்ச பறி

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எண்ணூர்ல அல்லாருக்கும் தெரியும். அது சும்மா இருக்கற நேரம் ஒண்ணே ஒண்ணுதான். எறா தடவ ஆத்துல எறங்கினா, பனையோலையில பின்னின கூடைய, பறின்னு சொல்லுவோம், பல்லுல கடிச்சுக்கணும். குந்திகினா கழுத்து மட்டும் தண்ணி, ரெண்டு கையும் சேத்துல. எறா ஆப்ட்டா கை தானா வாய்கிட்ட வந்து பறியில போட்டுட்டு மறுபடி கீழ பூடும். வாயத் தொறந்தா பறி ஆத்தோட போயிடும், அதனால பேச்சே கெடையாது.

கண்ண மூடிக்குவேன். சேறு வெதுவெதுன்னு இருக்கும். மணலி ரோட்டு லாரி சத்தம் எங்கியோ, தூக்கத்துல கேக்கற மாதிரி. பாதி முழிப்பு, பாதி கனா. நான் எப்பவும் எறங்கற அந்த ஆத்து வளைவுல மட்டும் எனக்கு யார் மேலயும் கோவமே வராது. அப்பால வருசா வருசம் கசடு சேந்து, அங்க எறா கொறஞ்சு பூடுச்சு. இருந்தாலும் அது என் எடம்.

ஒருநா எங்க மீனவர் சங்கத்துக்கு, மரம் நடற திட்டத்துலேந்து ஒரு பொண்ணு வந்துச்சு. அலையாத்தி மரம் வளத்தா, அது காத்துல கீற கார்பன வாங்கி ஒடம்புலயும் சேத்துலயும் பூட்டி வெக்குமாம். அத அளந்து, எங்கியோ பொகை வுடற கம்பெனிக்காரன் நம்ம சங்கத்துக்குத் துட்டு கொடுப்பானாம். கார்பன் கிரெடிட்டாம்.

"பொகை வுடறவன் அவன், மூக்கப் பொத்திகினு கெடக்கறது நாங்களா? நல்லா கீதும்மா ஒங்க கதை!"ன்னேன்.

"நீங்க கேக்கறது நியாயந்தான்க்கா"ன்னு சிரிச்சுது. எனக்கு அதப் புடிச்சுப் போச்சு, காட்டிக்கல.

மரம் நடப் போற எடம் என் வளைவு. கயிறு கட்டிட்டா உள்ள வலை போடக் கூடாது, தடவக் கூடாது. வந்துச்சே எனக்குக் கோவம்! "ஊர்ல வேற சேறே இல்லியா?"ன்னு கத்தினேன்.

எங்க வூட்டுக்காரரு சங்கத்துக்கு முன்னால எழுந்தாரு. "மரம் வந்தா எறா தானா வரும்மே. மூணு வருச மழை பாப்போம். வரலன்னா நானே கயித்த அறுத்துடறேன்."

அல்லாரும் ஒத்துகினாங்க. எறா வரலன்னா வளைவு எனக்கு, வந்தா மரத்துக்கு.

நட்டோம். கூலி உண்டு, நானும்தான் நட்டேன். நோஞ்சானா நின்ன செடி இடுப்பு ஒசரம் வந்துச்சு. மூச்சு வேருங்க சேத்துலேந்து வெரல் வெரலா எட்டிப் பாத்துச்சு. ஆனா செடியில வந்து மாட்டற பிளாஸ்டிக் கவர் பொறுக்க அங்க எறங்கற எங்க கைக்கு ஒரு எறா தட்டுப்படல. உள்ளுக்குள்ள எனக்கு குஷிதான்.

மூணாவது மழையும் வுட்டுச்சு. கயிறு இருக்கட்டுமா வேணாவான்னு மறுநாளு சங்கம் கூடணும். அன்னிக்குக் காலையில கவர் பொறுக்கப் போனோம், நான் கோடியில தனியா நின்னேன். மேல மார்கழிப் பனி, உள்ள அதே வெதுவெதுப்பு. கரண்ட் கம்பெனி பொகைக் கூண்டுங்க தலை மட்டும் வெள்ளையில மெதந்துகினு இருந்துச்சு. கண்ணு தானா மூடிக்கிச்சு. வேருக்கு நடுவுல கைய வுட்டேன்.

உள்ளங்கையில ஒரு துடிப்பு. எறா!

பழக்க தோஷத்துல கை வாய்கிட்ட வந்துச்சு. அங்க பறி இல்ல. எறா என் கன்னத்துலயே வாலால ஒண்ணு போட்டுச்சு.

ஒருத்தரும் பாக்கல. எறாவ வுட்டுட்டு கம்முனு கரையேறினா, நாளைக்கு வளைவு எனக்கு. அழுகையே வந்துடுச்சு. பல்லுல பறி இருந்திருந்தா பேசியிருக்க மாட்டேன். வாய் காலியா கீதே, இன்னா பண்றது?

"யோவ்! எறா வந்துடுச்சுய்யா!"

எங்க வூட்டுக்காரரு தண்ணிய வாரி அடிச்சுகினு வந்தாரு. அதுக்குள்ள எறா நழுவி வேருக்குள்ள பூடுச்சு.

"எங்கமே? தடவிப் பாக்கறேன் இரு"ன்னு குனிஞ்சாரு.

"கைய எடுய்யா!"ன்னேன். "கயித்துக்கு உள்ள யாரும் தடவக் கூடாது."