இடது கையா, சோத்துக் கையா

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாக்குத் தைக்கிற கோணூசி பிடித்துப் பழகின விரல்கள் பேனாக்கட்டைக்கு வளைந்து கொடுக்கவில்லை. பெரிய ‘ற’ வர வேண்டிய இடத்தில் சின்ன ‘ர’ வந்திருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஆற்றுப் பாலத்துக்குக் கிழக்கே, வண்ணார்பேட்டைப் பக்கத்து மைதானத்தில், மறுபடியும் பயாஸ்கோப்புக் கூடாரம் போட்டார்கள். அன்று முதல் நான் வேலை செய்கிற கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் பழைய பயாஸ்கோப்புச் சண்டையைப் பேசிச் சிரிக்கிறார்கள். சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், சீமையில் நடந்த சண்டையைச் சொல்கிறேன், இதே மைதானத்தில் ஒரு படம் காட்டினார்கள். அதைப் பார்த்து ஊரே சொப்பனக் கட்சி, நிஜக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. அவர்கள் சிரிக்கும்போது நானும் தலையை ஆட்டி வைக்கிறேன். அந்தப் படத்துக்குள் என் மகளுடைய கல்யாணம் சிக்கிக்கொண்டு கிடந்தது அவர்களுக்குத் தெரியாது.

நான் திருநெல்வேலியில் என் மைத்துனருடைய கருப்பட்டி மண்டியில் எடை போடுகிறவன். மைத்துனர் என்றால் என் மனைவியின் அண்ணன். மண்டி அவருடையது. மண்டிக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறைகளும் அவருடையவை. கிணற்றில் நாங்கள் இறைக்கும் தண்ணீரும் அவருடையதுதான் என்று எனக்குத் தோன்றும். அவர் நல்லவர் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் பேசுவார், நான் கேட்பேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படியே நடந்து வந்தது.

எங்களுக்கு ஒரே மகள். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு வாசித்தவள், இங்கிலீஷ் எழுத்துகூடத் தெரியும். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். வந்த வரன்கள் எல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் எழுந்து போனார்கள். பத்தொன்பது வயதாகிவிட்டது. அப்போது மைத்துனரே ஒரு இடம் கொண்டுவந்தார். நாங்குநேரிக்காரர், பனங்காடு நிறைய உள்ளவர். மண்டிக்குப் பாதிச் சரக்கு அவரிடமிருந்துதான் வந்தது. முதல் மனைவி இறந்துபோனவர். வயது என்னைவிட நாலைந்துதான் குறைவு.

அந்த வீட்டுப் பெண்கள் வாசல்படி தாண்டுவதில்லை என்று மைத்துனர் பெருமையாகச் சொன்னார். முதல் மனைவி எப்படிப் போனாள் என்று நான் ஒரு தடவை கேட்டதற்குக் காய்ச்சல் என்றார். என் மனைவி வேறொரு நாள் கேட்டதற்கு, மனசு சரியில்லாமல் போயிற்று என்றார். மூன்றாம் தடவை கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. என் மகள் அவள் அம்மாவிடம், என்னை அங்கே அனுப்ப வேண்டாம் என்று சொல்லி அழுததை நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். மறுநாள் மைத்துனரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தராசுப் படிக்கல்லைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவர் வந்தார், அன்றைக்கு வந்த சரக்கைப் பற்றிக் கேட்டார், நான் சரக்கைப் பற்றிச் சொன்னேன்.

பாக்கு வெற்றிலை மாற்றுவதற்கு முந்தின நாளே மாப்பிள்ளையும் அவர் தாயாரும் குழந்தையோடு தங்கையும் வில்வண்டியில் வந்து இறங்கினார்கள். மைத்துனர் தம்முடைய பெருமையைக் காட்ட எல்லாரையும் பயாஸ்கோப்புக்குக் கூட்டிப் போனார்.

அந்தக் கூடாரத்தில் நடுவே ஒரு பெரிய வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். படம் தொடங்குமுன் துணியைத் தண்ணீர் தெளித்து நனைப்பார்கள். நனைந்தால் வெளிச்சம் ஊடுருவி, துணிக்குப் பின்னாலும் படம் தெரியும். முன்பக்கம் ஆண்களுக்கு, பின்பக்கம் பெண்களுக்கு. இடையில் படத்தில் இங்கிலீஷ் எழுத்து வரும். தலைப்பாகையும் கோட்டும் போட்ட ஒருவர் எங்கள் பக்கத்தில் பிரம்போடு நின்று, அதைத் தமிழில் கதையாகச் சொல்வார். பெண்களுக்கு அவர் குரல் மட்டும் போகும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கே கூடாரம் நிரம்பிவிட்டது. நான் மைத்துனருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் பெரிய உடம்பு. முழங்காலை மடக்கிக்கொண்டு, காலை நீட்டவும் முடியாமல், எழுந்து போகவும் வழியில்லாமல் இருந்தேன். கார்பைடு விளக்கின் நாற்றமும் வேர்வையும் நெஞ்சை அடைத்தன.

படத்தில் ஒரு துரை நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறார். தூங்குகிற துரை அப்படியே இருக்க, அவருக்குள்ளிருந்து இன்னொரு துரை எழுந்து நடந்து போகிறார். கோயிலில் ஒரு பெண்ணை மோதிரம் மாற்றிக் கல்யாணம் செய்கிறார். அவளை ஒரு பெரிய வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஒரு நாள் அவள் ஆற்றுக்குள் இறங்கி நடந்து போய்விடுகிறாள். துரை பின்னால் குதிக்கிறார். உடனே நாற்காலியில் விழித்துக்கொள்கிறார். கதை சொல்கிறவர், “கண்டதெல்லாம் சொப்பனம்” என்று பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் துரையின் கை பெரிதாகத் தெரிந்தது. விரலில் கல்யாண மோதிரம். சட்டைக் கை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதோடு படம் முடிந்தது. கதை சொல்கிறவர் துணியைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

அவ்வளவுதான், கூடாரம் இரைந்தது. கல்யாணமும் சாவும் நடந்ததா இல்லையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எங்கள் பக்கம் ஒருவர் எழுந்து சொன்னார்:

“ஏலே, மோதிரம் இடக்கையில கெடக்கு. முழிச்சிருக்கவன் எவனாவது இடக்கையில போடுவானா? இன்னும் சொப்பனத்துலதாம்லே இருக்கான்.”

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“கண்ணு அவிஞ்சு போச்சா வே? சோத்துக்கையில்லா கெடக்கு!”

பெண்கள் பக்கம் முழுக்க, சோத்துக் கை சோத்துக் கை என்றார்கள். ஆகையால் எல்லாம் நிஜம் என்றார்கள். ஆண்கள் முழுக்க இடது கை என்றோம். நானும் இடது கையைத்தான் பார்த்தேன். மைத்துனர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்து நின்று, “சொப்பனம்தான், சொப்பனம்தான்” என்று எல்லார் குரலுக்கும் மேலே கத்தினார். மாப்பிள்ளையும் சொப்பனம் என்றார். காசைத் திருப்பிக் கொடு என்று சிலர் கேட்டதும், கதை சொல்கிறவர் தமக்குக் கொழும்பிலிருந்து வந்த படச்சுருள் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மைத்துனர் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், புடவை. மாப்பிள்ளையின் தாயார் தாம்பாளத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை. மைத்துனர் நேரமாகிறதென்று சொன்னதும் அந்த அம்மாள் பேசினார்.

“நேத்துப் பாத்தது நெசமா இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. எங்கயோ வெள்ளைக்காரி செத்தா நமக்கென்ன. சொப்பனம்னா அப்படியில்ல. ரெண்டு குடும்பமும் சேந்து உக்காந்து சொப்பனத்துல கல்யாணம் பாத்திருக்கோம். சொப்பனத்துல கல்யாணம் கண்டா வீட்டுல சாவு விழும்லா.”

சொப்பனத்தில் கல்யாணம் ஆகாது, சாவு கண்டால் நல்லது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கைதான். ஆனால் பயாஸ்கோப்பில் கண்ட சொப்பனத்துக்கு அது பொருந்துமா என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மைத்துனர் உடனே, அது நிஜம்தான், சந்தேகமே வேண்டாம் என்றார்.

“நேத்து சொப்பனம்னு தொண்டை கிழியக் கத்துனது நீங்கதான?”

“கூட்டத்துல ஆளாளுக்குக் கத்துதான். நானும் கத்துனேன்.”

“எம் மவனும் இடக்கைன்னுதான் சொல்லுதான்.”

“சரி, சொப்பனம்னே வச்சுக்கிடுவோம். அதுல சாவும் கண்டோம்லா? சொப்பனத்துல சாவு கண்டா ஆயுசு கெட்டி.”

“அப்ப சொப்பனம்னு ஒத்துக்கிடுதீங்க.”

மைத்துனர் தாம்பாளத்து வெற்றிலையை நேராக அடுக்கினார். அவர் பேச்சு நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்க சூதுவாது இல்லாதவரு. பிள்ளையப் பெத்தவரு. நீங்க சொல்லுங்க. எந்தக் கை?”

“பைய யோசிச்சுச் சொல்லும், மாப்ளே,” என்றார் மைத்துனர். “சோத்துக்கைதான?”

கூடம் முழுதும் என்னைப் பார்த்தது. அந்த வீட்டில் அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டபோது இப்படியா கேட்க வேண்டும். சோத்துக் கை என்றால் என் மகள் நாங்குநேரிக்குப் போவாள், அந்த வாசல்படிக்கு உள்ளே. இடது கை என்றால் எழுந்து போவார்கள். செவ்வாய் தோஷத்தோடு சகுனத் தடையும் சேர்ந்துவிடும், இனி எந்தத் தாம்பாளமும் அவளுக்காக எங்கள் வீட்டுக்குள் வராது. மண்டியும் அறையும் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். எந்தப் பக்கம் போனாலும் சுவர். வெளியே கருப்பட்டிச் சிப்பத்தில் எறும்பு ஏறியிருக்குமே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அப்போது உள்ளறை வாசலில் நின்றிருந்த என் மகள் சொன்னாள்:

“இடக்கைதான்.”

“ஏட்டி, உள்ள போ,” என்றாள் என் மனைவி.

அவள் போகவில்லை. மாப்பிள்ளையின் தாயார் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ எம் பக்கத்துலதானம்மா இருந்த? எங்க எல்லாருக்கும் சோத்துக்கைன்னுல்லா தெரிஞ்சுது. உனக்கு மட்டும் எப்படி இடக்கை?”

“இடக்கைதான், ஆச்சி. நல்லாப் பாத்தேன்.”

முந்தின நாள் முழுக்க அந்த அம்மாளை அத்தை என்று கூப்பிடச் சொல்லி அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். அவள் யாரோ அயலாரைக் கூப்பிடுவதுபோல ஆச்சி என்றாள். மைத்துனர் மனைவி அதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை பெண்கள் கண்ணுக்கும் ஒன்று தெரிய, இவள் கண்ணுக்கு மட்டும் வேறொன்று தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தங்கை தன் குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“அது சின்னப் பிள்ளை, ஏதோ உளறுது,” என்று மைத்துனர் தொடங்கினார்.

“இல்ல மச்சான்,” என்றேன் நான். “நானும் இடக்கையத்தான் பாத்தேன்.”

என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சின்னதாக வந்தது. ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வில்வண்டியில் மாட்டைப் பூட்டினார்கள்.

துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடது கை வலது கையாகத் தெரியும் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ஒரு நாள் மெல்லிசு வேட்டியில் மண்டி முத்திரையின் மை ஊறிவிட்டது. அலசிக் காயப்போட்டதைப் பின்பக்கமிருந்து பார்த்தேன், எழுத்தெல்லாம் திரும்பிக் கிடந்தது. மகளிடம் சொன்னேன். அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. படத்தில் வந்த இங்கிலீஷ் எழுத்துகள் பெண்கள் பக்கத்தில் திருப்பிப் போட்டாற்போல இருந்தனவாம். அதனால் கையும் திரும்பித்தான் தெரியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டாளாம். அதை ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

மைத்துனர் எங்களை வெளியே அனுப்பிவிடுவார் என்று என் மனைவி பாத்திரங்களைக்கூடக் கட்டி வைத்தாள். அவர் அனுப்பவில்லை. எடை போடும் வேலையும் போகவில்லை. அன்றிலிருந்து அவர் என்னிடம் நேராகப் பேசுவதில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிற ஆளிடம், “எடை போடுதவர்ட்டச் சொல்லு” என்பார். நானும் அந்த ஆளிடமே பதில் சொல்வேன். இடையில் நிற்கிற ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் மாறவில்லை. வேறு மண்டிக்குப் போகலாம் என்று பல தடவை நினைத்தேன். இவரிடம் இருந்து வந்தவன் என்றால் இந்த ஊரில் யார் சேர்ப்பார்கள்?

மகளுக்கு அதன்பிறகு வரன் வரவில்லை. தெருவில் அவளுக்கு இடக்கைக்காரி என்று பேர். பேறுகால வீடுகளுக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள், அவள் கண் ஒரு மாதிரி என்று. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மார்பில் படிக்கல் ஏற்றினாற்போல இருக்கும். அவள் பக்கத்துத் தெருப் பெண்பிள்ளைகள் நாலு பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் எழுதுகிற இந்தத் தாளும் அவளிடம் கேட்டு வாங்கினதுதான்.

நாங்குநேரிக்காரர் அந்த வருஷமே வள்ளியூர்ப் பக்கத்தில் பெண் கட்டினார். அந்தப் பெண்ணை இந்த வருஷம் நாங்குநேரித் தேரோட்டத்தில் பார்த்தேன். சரக்கு விஷயமாகப் போனவன் கூட்டத்தில் நின்றுவிட்டேன். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி ஒன்று. ஐந்து விரலிலும் சவ்வுமிட்டாய் ஒட்டிக்கொண்டதென்று அந்தப் பெரியது அழ, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வாசல்படி தாண்டித்தான் வந்திருந்தாள். கழுத்து நிறைய நகை. உடம்பு நன்றாக இருந்தது. பக்கத்தில் அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

வருகிற வழியெல்லாம் வண்டியில் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தாமல், “நல்லா இருக்காளாப்பா?” என்று கேட்டாள். இருக்கிறாள் என்றேன். “இருக்கட்டும்,” என்றாள். மாவை வழித்துவிட்டு மறுபடி ஆட்டினாள். அவள் முகத்தைப் பார்க்கலாம் என்றால் அவள் குனிந்திருந்தாள்.

சித்தார்த்தி வருஷம், கார்த்திகை மாதம் பத்தாம் தேதி.