பாலின் பா, பாலாஜியின் பா

தாமோதரன் அண்ணன் தன் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் 'டிராக்' என்ற சொல்லை எழுதியதே இல்லை. 'புதிய பக்திப் பாடல் ஒன்றில் இணைந்துள்ளேன்' என்று எழுதுவார். 'இசையமைப்பாளர் திரு. நாகபூஷணம் அவர்களுடன் மீண்டும் கைகோக்கிறேன்' என்று எழுதுவார். கூடவே திருப்பதி ஸ்டூடியோவில் காதில் ஹெட்போனோடு எடுத்த ஒரு படம். படம் எப்போதும் ஒரே கோணம்தான். அந்த அறையில் வேறு கோணத்துக்கு இடமில்லை.

ஆந்திர எல்லையில், நகரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் ஜெராக்ஸ் கடை. அவர் பவர்லூம் ஓட்டும் கொட்டகை இரண்டு தெரு தள்ளி. பாட்டு எழுதிய தாள்களை ஸ்கேன் எடுத்துச் சென்னைக்கு அனுப்ப எங்களிடம்தான் வருவார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கும். தறிச் சத்தத்திலேயே இருப்பவர்கள் கத்திப் பேசுவார்கள். இவர் மெதுவாகப் பேசுவார். தொண்டையை வீணாக்கக் கூடாதாம்.

டிராக் பாடுவது என்றால், பெரிய பாடகருக்கு முன்னால் பாடி வைப்பது. பெரியவர் அதைக் காதில் கேட்டுக்கொண்டே தன் குரலில் பாடுவார். பாடி முடித்ததும் முதல் குரலை அழித்துவிடுவார்கள். பதினெட்டு வருடமாக அண்ணன் பாடிக் கொடுத்த பாட்டுகள் கோயில் வாசல்களிலும் பஸ்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றிலும் அவர் இல்லை. ஒரு பாட்டிலாவது தன் குரல் அழியாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். கரண்ட் போன ஒரு மதியம், மெஷின் திரும்ப ஓடட்டும் என்று இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். "ஒரே ஒரு பாட்டு போதும்பா," என்றார். பிறகு கரண்ட் வந்துவிட்டது.

அவருக்குத் தெலுங்கு பேச்சு தண்ணீர்பட்ட பாடு. எழுத்துதான் வராது. படித்தது தமிழ் மீடியம். அவர் மனைவி ரேகா அக்கா தெலுங்கு மீடியம். அதனால் வீட்டில் ஒரு முறை இருந்தது. நாகபூஷணம் அனுப்பும் தெலுங்குப் பாட்டை அக்கா வாசிப்பார். அண்ணன் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். எழுதி முடித்ததும் அக்கா சிவப்புப் பேனாவை எடுப்பார். நம் எழுத்தில் 'பா' ஒன்றுதான். தெலுங்கில் அது இரண்டு, சரியாகச் சொன்னால் இரண்டுக்கும் மேல். உதட்டை இறுக்கிச் சொன்னால் பாலின் பா. குரலை உள்ளிருந்து அதிரவிட்டுச் சொன்னால் பாலாஜியின் பா. அதிர வேண்டிய எழுத்துக்குக் கீழே அக்கா ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். க, ச, ட எல்லாவற்றுக்கும் அப்படியே.

நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து அக்கா புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் முணுமுணுத்துப் பாட, அக்கா நடுவில் நிறுத்தி, "பால், பால். இன்னா நீ, பால் வாங்கப் போறவன் மாடிப்படி ஏறுன மாதிரி மூச்சு வாங்கற?" என்றார். அண்ணனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. பாலின் பா வரும் இடத்தில் உதட்டை மூடுவதற்கு முன் ஒரு நூலளவு மூச்சை இழுப்பார். பெரிய பாடகர்கள் அப்படி இழுப்பதில்லையாம்.

ரேகா அக்கா போன வருடம் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். செல்போன் பாகங்கள் செய்யும் இடம். பக்கத்துத் தடாவில் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு ரூம். முதலில் வாரம் ஒருமுறை வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. உகாதிக்கு வந்துவிட்டுப் போனவர் அப்புறம் வரவில்லை. சண்டை எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. கேட்டவர்களிடம் அண்ணன், "ஷிப்ட் மாறிக்கினே கீதாம்," என்பார். குழந்தைகள் இல்லை. அவர் சமையலை நிறுத்திவிட்டு இட்லிக் கடையில் சாப்பிட ஆரம்பித்தார். தறிக்கு நேரத்துக்குப் போனார், நேரத்துக்கு வந்தார். ஸ்டேட்டஸ் மட்டும் விடாமல் போட்டார். போட்டுவிட்டு, பார்த்தவர்களின் பட்டியலைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போவார். ரேகா என்ற பெயர் வந்ததும் போனை மூடிவிடுவார். அது வராத நாளிலும் அதே மாதிரிதான் மூடுவார். அவர் முகத்தை வைத்து எந்த நாள் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆவணி மாதம் நாகபூஷணத்திடமிருந்து ஒரு பாட்டு வந்தது. திருப்பதியில் ஹோட்டல் வைத்திருக்கும் வெங்கடம்மா என்பவர் புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு வெளியிட ஆசைப்பட்ட பாட்டு. பாடப்போகிறவர் சென்னையில் பெயரெடுத்த பாடகர். அவருக்குத் தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாது. அண்ணன் பாட்டை வாய்ஸ் மெசேஜாக வாங்கிக் கேட்டுக் கேட்டுத் தாளில் எழுதினார். சிவப்புப் பேனாவையும் அவரே எடுத்தார். எங்கள் மெஷினில் நான்தான் அந்தத் தாளை ஸ்கேன் செய்து பாடகருக்கு அனுப்பினேன். 'புதிய படைப்பு. சென்னையின் முன்னணிப் பாடகருடன்' என்று அன்று ஸ்டேட்டஸ் போட்டார்.

அந்தப் பாட்டின் பல்லவி இது: 'நா பாத தீர்ச்சே நீ பாதமே.' என் துன்பத்தைத் தீர்க்கும் உன் திருவடியே என்று பொருள். முதல் பாத, துன்பம், பாலாஜியின் பா. இரண்டாவது பாதம், நாம் சொல்லும் அதே பாதம், பாலின் பா. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி நிற்கின்றன. அண்ணன் இரண்டுக்கும் கீழே புள்ளி வைத்திருந்தார்.

டிராக்கில் அவர் சரியாகத்தான் பாடியிருந்தார். சென்னைப் பாடகர் மெட்டை டிராக்கிலிருந்து எடுத்துக்கொண்டார், சொல்லைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டார். இரண்டு இடத்திலும் கணீரென்று பாலாஜியின் பா. நாகபூஷணத்துக்கு அது உறைக்கவில்லை. தான் மெட்டமைத்த பாட்டு. காதில் என்ன விழ வேண்டுமோ அதுவே விழுந்திருக்கிறது. கடைசியில் வெங்கடம்மாதான் ஹோட்டல் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, 'சாமியோட துன்பமே என் துன்பத்தைத் தீர்க்குதுன்னு பாடறாரே, இப்படிச் சாமி எதிர்ல போட முடியுமா?' என்று போன் செய்தாராம். வெளியீட்டுக்கு மூன்று நாள் இருந்தது. பாடகர் கச்சேரிக்காக வெளிநாட்டில் இருந்தார்.

நாகபூஷணம் அண்ணனை வரச் சொன்னார். எனக்கும் திருப்பதியில் மெஷினுக்கு டிரம் வாங்க வேண்டியிருந்ததால் ஒரே பஸ்ஸில் போனோம். பஸ் புத்தூர் தாண்டியது. பிறகு, தாளில் புள்ளி தப்பாய் விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். யாரோ வைத்த புள்ளியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

ஸ்டூடியோ ஒரு பேன்சி ஸ்டோருக்கு மேலே, முதல் மாடியில். நாகபூஷணம் திட்டவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பாதமே என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிட்டு அண்ணன் குரலை வைத்து ஒட்டிவிடலாம், சுருதி ஒன்றுதான், யாருக்கும் தெரியாது என்று தெலுங்கும் தமிழுமாக விளக்கினார். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அது அழியாதுங்களா?" என்று கேட்டார்.

"எப்படி அழியும்? ரிலீஸ் ஆவுறதே அதுதான்."

அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார்.

முதல் முறை பாடினார். வெளியே ஸ்பீக்கரில் அந்த ஒரு சொல் வந்தது. எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. நாகபூஷணம் மைக் பட்டனை அழுத்தி, "தாமோதரம் காரு, இது மீரு," என்றார். "நீங்க வேணாம். அவரு வேணும்."

கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் தலையசைத்தார். சென்னைப் பாடகருக்குக் கொஞ்சம் மூக்கில் பாடும் குரல். அண்ணன் அதைக் கொண்டுவந்தார். போதவில்லை. இன்னும் கொண்டுவந்தார். ஐந்தாவது முறை கேட்டுவிட்டு நாகபூஷணம் சிரித்தே விட்டார். "இப்போ அவரே வந்து பாடுனா, யாரு டூப்ளிகேட்டுன்னு அவரைக் கேப்பாங்க." ஏழாவது முறை பாடியதை எடுத்துக்கொண்டார்கள். ஒட்டிக் கேட்டோம். தையல் தெரியவில்லை. எது பாடகர், எது அண்ணன் என்று எனக்குப் பிரிக்க முடியவில்லை. அண்ணன் ஹெட்போனைக் கழற்றி அதன் கொக்கியில் மாட்டினார். வழக்கமான படத்தை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அவருக்கு ஜன்னல் சீட். ரேணிகுண்டாவில் கடலை வாங்கினார். உரித்து எனக்கும் கொடுத்தார். பதினெட்டு வருடம் கேட்டது கிடைத்துவிட்டதே என்று நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு சொல் கிடைத்தது, அதுவும் இன்னொருவர் குரலில் கிடைத்தது என்று சொல்வதா, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடலைத் தோலைப் பொட்டலத்திலேயே போட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை பாட்டு வெளியானது. பாடியவர் என்ற இடத்தில் சென்னைப் பாடகர் பெயர், இசை நாகபூஷணம், தயாரிப்பு வெங்கடம்மா. அண்ணன் அந்த லிங்கை ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். இணைந்துள்ளேன் இல்லை, கைகோக்கிறேன் இல்லை. வெறும் லிங்க்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தார். நாகபூஷணத்தின் அடுத்த பாட்டு வந்திருந்தது. எழுதிய தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார். "இதைக் கொஞ்சம் பாரேன்பா," என்று நீட்டினார்.

ரேகா அக்காவிடமிருந்து வந்திருந்த மெசேஜ். சனிக்கிழமை காலை, லிங்க் போட்ட இருபது நிமிடத்தில் வந்தது. ஆறு மாதமாக அந்த உரையாடலில் வேறு எதுவும் இல்லை. உகாதிக்கு பஸ் ஏறிட்டேன் என்பதுதான் அதற்கு முந்தைய வரி. இப்போது இரண்டு வரி இருந்தது.

'பால் சரியா கீது. மாடிப்படி ஏறிட்டுத்தான் பாடிகீற.'

நான் இரண்டு முறை படித்தேன். நாகபூஷணம் பிரிக்கவில்லை, வெங்கடம்மா பிரிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஏழு முறையும் கேட்ட நானும் பிரிக்கவில்லை. தடாவில் நான்கு பேர் இருக்கும் ரூமில், ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், அந்த நூலளவு மூச்சு கேட்டிருக்கிறது.

"ஒண்ணும் பதில் போடலையாண்ணா?"

"இன்னான்னு போடறது?"

அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. சட்டையில் இருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். நான் தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், எங்கேயும் சிவப்புப் புள்ளி இல்லை. எடுத்துக் காட்டி, புள்ளி வைக்காமல் விட்டிருக்கிறீர்களே என்றேன்.

"தெரியும்பா. அப்படியே எடு."

"சென்னைக்கு இப்படியே அனுப்பினா..."

"சென்னைக்கு இல்ல." போனை மறுபடி நீட்டினார். "இந்த நம்பருக்குப் போடு."

ஸ்கேன் எடுத்து, ரேகா அக்காவின் இரண்டு வரிகளுக்குக் கீழே அனுப்பினேன். வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றார். முதலில் ஒரு டிக் விழுந்தது. கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல்தான் பார்ப்பாள் என்றார். பிறகு கொட்டகைக்குக் கிளம்பினார். தாளை வாங்கிக்கொள்ளாமல் போகிறாரே என்று கூப்பிட்டேன்.

"இங்கயே இருக்கட்டும்பா," என்றார். "புள்ளி வந்ததும் வச்சுக்கலாம்."